களைப்பு நோட்டு

புனே நகரில் கட்கி என்று ஓர் இடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அதைக் கிர்க்கி என்றார்கள். 1869-ல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. பட்டாளமும் இருந்தது. பிழைப்புத் தேடித் தமிழர்களும் போனார்கள். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி.

இந்தப் பாடத்துக்காகக் கட்கியில் ஒரு பெண் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அவளுக்குச் செல்வி என்று பெயர் வைப்போம். வயது 34. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மாமியாரும் கூட இருக்கிறார். செல்வி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள்.

செல்வி கதைப் பெண்தான். ஆனால் அவளுக்கு வந்த நோய் உண்மையானது. அவள் செய்த பயிற்சியும் உண்மையானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் 11 மணி. செல்வி பாயில் படுத்திருந்தாள்.

"என்னடி இது, பட்டப்பகல்ல படுக்கை? நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்டார் மாமியார்.

நேற்று நன்றாகத்தான் இருந்தாள். சங்கடமே அதுதான். நேற்று சனிக்கிழமை. ஞாயிறு காலை இட்லிக்கு எல்லாரும் மாவு கேட்பார்கள். செல்வி விடியற்காலை 4 மணிக்கு எழுந்தாள். 20 கிலோ மாவு அரைத்தாள். குண்டானைத் தூக்கி இறக்கினாள். பாக்கெட் போட்டாள். கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு வாரத் துணியையும் துவைத்தாள். உடம்பு நன்றாக இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

இன்று கையைத் தூக்க முடியவில்லை. பல் தேய்ப்பதே மலைப்பாக இருந்தது. நாளையும் இப்படித்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான். புதன்கிழமை கொஞ்சம் தெளியும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் 20 கிலோ.

மாமியார் அவளைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் 'ஆளஷி' என்றார். மராத்தியில் மாவ்ஷி என்றால் சின்னம்மா. ஆளஷி என்றால் சோம்பேறி. பாயில் படுத்திருந்த செல்வியின் காதில் அது விழுந்தது. அவளுக்கு மராத்தி நன்றாகத் தெரியும்.

இது என்ன நோய்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் செல்விக்கு வலது கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. சில வாரங்களில் பார்வை திரும்பியது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து இடது கால் மரத்துப்போனது. செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியவில்லை. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் போனாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள்.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். 1868-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ இந்த நோயை முதன்முதலாகத் தெளிவாக விளக்கினார்.

நம் மூளையிலிருந்து உடம்பு முழுவதற்கும் செய்தி போகிறது. கையைத் தூக்கு, காலை வை, கண்ணைத் திற என்று செய்தி போகிறது. நரம்புகள் வழியாகப் போகிறது. நரம்பைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. அதற்கு மையலின் என்று பெயர். நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் படை ஒன்று உண்டு அல்லவா? எம்.எஸ். நோயில் அந்தப் படை ஆள் மாறித் தாக்குகிறது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள மையலின் உறையைக் கெடுக்கிறது. செய்தி தடுமாறுகிறது. சில இடங்களில் நின்றுபோகிறது.

இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சாபமும் அல்ல. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. 2020-ல் எடுத்த கணக்குப்படி உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. செல்வி அதைப் போட்டுக்கொள்கிறாள்.

டாக்டர் சொன்னதை மாமியாருக்குப் புரியவைத்தவர் செல்வியின் கணவர்தான். அவர் ஆட்டோவைக் காட்டினார்.

"அம்மா, இந்த ஒயரைப் பாரு. மேல இருக்கிற ரப்பர் உரிஞ்சுபோச்சு. அதான் ஹாரன் சில நேரம் அடிக்குது, சில நேரம் அடிக்கல. ஹாரன்மேல தப்பு இல்ல. பேட்டரி வீணாப் போகுது. செல்விக்கும் அப்படித்தான்."

மாமியார் ஒயரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "அப்படின்னா ஒயரை மாத்தச் சொல்லு" என்றார்.

மாற்ற முடியாத ஒயர் அது. அங்கேதான் கஷ்டம்.

எல்லாரும் களைப்படைகிறோம். இது வேறு களைப்பு

வயலில் வேலை செய்தால் களைப்பு வரும். தூங்கி எழுந்தால் போய்விடும். எம்.எஸ். களைப்பு அப்படி இல்லை. தூங்கி எழுந்த உடனேயே வரும். சின்ன வேலைக்கும் வரும். யோசிப்பதுகூடக் கனமாக இருக்கும். சொல்ல வந்த சொல் மறந்துபோகும். இந்த நோய் உள்ள 10 பேரில் சுமார் 8 பேருக்கு இந்தக் களைப்பு உண்டு. நடக்க முடியாததைவிட இதுதான் அதிகத் தொல்லை என்று பலர் சொல்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. அதனால்தான் கெட்ட பெயர் வருகிறது.

ஏன் இந்தக் களைப்பு? ஒரு காரணம் நோயேதான். உறை கெட்ட நரம்பில் செய்தி அனுப்ப மூளை அதிகம் பாடுபடுகிறது. நேர் வழி அடைபட்டால் சுற்று வழியில் போவது போல.

வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் தூக்கம் கெடும். ரத்தசோகை இருக்கலாம். தைராய்டு குறைவு இருக்கலாம். பி12 என்ற சத்துக் குறைவு இருக்கலாம். மனச்சோர்வு இருக்கலாம். சில மருந்துகளே அசதி தரும். ஆகவே முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். செல்விக்கு ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படுக்கை மாறவில்லை.

வெயிலும் ஒரு காரணம். 1890-ல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். இந்த நோய் உள்ள சிலருக்கு உடலை வருத்தி உழைத்தால் பார்வை மங்கியது. ஓய்வு எடுத்தால் தெளிந்தது. உடம்பு சூடாவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக்கூடச் சோதித்தார்கள். பாவம் அந்த நோயாளிகள்! புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி வரை வெயில் ஏறும். செல்வியின் வீட்டுக்குத் தகரக் கூரை.

களைப்புக்கு மாத்திரை இல்லையா? அமெரிக்காவில் மூன்று மாத்திரைகளை 141 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2021-ல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அவை மேலாக இல்லை. ஆகவே மாத்திரையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதற்காக டாக்டர் தந்த மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது. அவரைக் கேளுங்கள்.

எண்ணமும் செயலும்

ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகர் இருந்தார். அவர் செல்வியிடம் ஒரு பயிற்சியைச் சொன்னார். அதற்கு எண்ண நடத்தைப் பயிற்சி என்று பெயர். சுருக்கமாக சி.பி.டி. என்பார்கள். அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற டாக்டர் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்காக இதை உருவாக்கினார். அவர் 100 வயது வாழ்ந்து 2021-ல் இறந்தார். பிறகு வலி, தூக்கமின்மை, களைப்பு என்று வேறு தொல்லைகளுக்கும் இந்தப் பயிற்சி பரவியது.

செல்விக்கு முதலில் கோபம் வந்தது.

"அப்ப என் களைப்பு மனசுல இருக்குன்னு சொல்றீங்களா? வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க."

ஆலோசகர் இல்லை என்றார். "கால் முறிந்தவர் நடக்கப் பழகுகிறார். பழகுவதால் கால் முறிந்தது பொய் ஆகிவிடுமா? உங்கள் நோய் நரம்பில் இருக்கிறது. களைப்பும் உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் களைப்பு வந்தபின் நாம் என்ன செய்கிறோம், என்ன நினைக்கிறோம் என்பது அதைக் கூட்டும் அல்லது குறைக்கும்."

அவர் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். உடம்பு களைக்கிறது. 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் வருகிறது. மனம் வாடுகிறது. படுத்துவிடுகிறாள். மூன்று நாள் படுத்தால் தசை பலம் குறைகிறது. பகலில் தூங்கியதால் இரவுத் தூக்கம் கெடுகிறது. களைப்பு இன்னும் கூடுகிறது. நல்ல நாள் வந்தால் பயத்தில் எல்லாவற்றையும் செய்கிறாள். மறுபடி விழுகிறாள்.

"கிரைண்டர் மாதிரி சுத்துது" என்றாள் செல்வி.

"ஆமாம். எங்கேயாவது ஓர் இடத்தில் கை வைத்தால் சுற்று மெதுவாகும்" என்றார் அவர்.

இது வெறும் பேச்சா? சோதித்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் எம்.எஸ். களைப்பு உள்ள 72 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் ஒரு முறை, 8 முறை இந்தப் பயிற்சி பெற்றது. இன்னொரு குழு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி பெற்றது. 2008-ல் முடிவு வந்தது. இரண்டு குழுவிலும் களைப்பு குறைந்தது. எண்ண நடத்தைப் பயிற்சி பெற்றவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. ஆலோசகரை நேரில் பார்க்க முடியாதவர்களுக்காக, வீட்டிலிருந்தே தாமாகச் செய்யும் பயிற்சியையும் உருவாக்கினார்கள். பிரிட்டனில் 40 பேரிடம் அதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். அதிலும் பலன் தெரிந்தது. 2016-ல் இன்னொன்று தெரிந்தது. தனியாகச் செய்வதைவிட, அவ்வப்போது ஒருவர் விசாரித்தால் பலன் கூடுகிறது.

செல்விக்கு அந்த ஒருவர் யார்? அவள் மகள். ஒவ்வொரு ஞாயிறும் மகள் நோட்டைப் பார்ப்பாள். மகள் மராத்திப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தடுமாறும். செல்விதான் படித்துக்காட்டுவாள். அந்தச் சாக்கில் மகளுக்கும் தமிழ் எழுத்து வந்தது.

முதல் வாரம்: எழுதுவது மட்டும்

செல்வி சின்ன வயதில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பிறகு எழுத்து மறந்துபோயிற்று. கல்யாணத்துக்குப் பின் உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் மறுபடி கற்றாள். மாவுக் கணக்கு எழுத அது போதுமாக இருந்தது. இப்போது வேறு கணக்கு.

20 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினாள். முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். எழுத வேண்டும், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன வேலை செய்தாள், எப்போது படுத்தாள், களைப்பு எவ்வளவு. களைப்பே இல்லை என்றால் 0. அசையவே முடியவில்லை என்றால் 10.

சனிக்கிழமைப் பக்கத்தில் எழுத இடம் போதவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் இரண்டே வரி. 'படுத்தேன். களைப்பு 9.'

ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும் அல்லவா? 4, 5, 4, 8, 9, 9, 7. அவர் எண்களின் மேல் விரலை ஓட்டினார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். மலை ஏறி இறங்குவது போல இருந்தது. செல்விக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. களைப்பு சும்மா வரவில்லை. சனிக்கிழமைக்குப் பின்னால் வந்தது.

நல்ல நாளிலும் அதே அளவு

இந்தப் பயிற்சியில் இதுதான் முக்கியமான பாடம். கேட்பதற்கு எளிது. செய்வது கடினம். நல்ல நாளில் அதிகம் செய்யாதே. கெட்ட நாளில் அடியோடு நிறுத்தாதே. இரண்டு நாளுக்கும் பொதுவான ஓர் அளவு வைத்துக்கொள்.

செல்வி ஓர் அளவு வைத்தாள். நாளுக்கு 4 கிலோ மாவு. திங்கள் முதல் சனி வரை 6 நாள். ஞாயிறு விடுமுறை.

"சனிக்கிழமை 4 கிலோவா? வாடிக்கை போயிடும்டி!" என்றார் மாமியார்.

கொஞ்சம் போகத்தான் செய்தது. சனிக்கிழமை மட்டும் வாங்கிய இரண்டு வீடுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. சிலர் வெள்ளிக்கிழமையே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். ஆனால் திங்களும் செவ்வாயும் மாவு இல்லை என்று சலித்துக்கொண்ட ஒரு கடைக்காரர், இப்போது தினமும் எடுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது நிறைய மாவு அல்ல. தினமும் வரும் மாவு. முதல் மாதம் வரும்படி குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கணவர் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆட்டோ ஓட்டினார்.

வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்தாள். அரிசியும் உளுந்தும் ஊறவைப்பது இரவில். அரைப்பது விடியற்காலைக் குளிர்ச்சியில். குண்டானைத் தூக்குவது கணவர். பாக்கெட் போடுவது முக்காலியில் உட்கார்ந்தபடி. கடைகளுக்குக் கொடுப்பது ஆட்டோ போகும் வழியில். அரைக்கும்போது கழுத்தில் ஈரத் துண்டு.

ஓய்வுக்கும் நேரம் குறித்தாள். களைத்து விழுந்தபின் படுப்பது ஓய்வு இல்லை. களைக்கும் முன் எடுப்பதுதான் ஓய்வு. காலை 11 மணிக்கு 20 நிமிடம். பகல் 3 மணிக்கு 20 நிமிடம். விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்தால் மாமியாருக்கு ஆகாது. செல்வி அந்த நேரத்தைத் தொடவே இல்லை. எல்லாச் சண்டையையும் போட வேண்டும் என்று இல்லையே!

காலையில் எழுவது தினமும் 5 மணிக்கு. ஞாயிறும் அப்படித்தான். சாயங்காலம் 4 மணிக்கு மேல் டீ இல்லை. இரவில் சிறுநீருக்கு எழுவதைப் பற்றி டாக்டரிடம் வெட்கப்படாமல் சொன்னாள். பலர் இதைச் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இதற்கும் மருந்து உண்டு, வழி உண்டு.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்கவும் தொடங்கினாள். காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினால் 5 நிமிடம். இரண்டு வாரம் அதே அளவு. பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினாள்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. உடம்பு மிக நன்றாக இருந்தது. பக்கத்துத் தெருவில் காதணி விழா. 10 கிலோ மாவு கேட்டார்கள். கூடுதல் பணமும் தருவதாகச் சொன்னார்கள். செல்வி அரைத்துக் கொடுத்தாள். ஞாயிறு களைப்பு 8. திங்கள் களைப்பு 9. மறுபடி அழுகை. ஆலோசகர் திட்டவில்லை. "நோட்டில் எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தாள். நல்ல நாளில் நிறுத்துவதுதான் இந்தப் பயிற்சியில் மிகவும் கஷ்டம். கெட்ட நாளில் 5 நிமிடம் நடப்பதைவிடக் கஷ்டம்.

எண்ணத்துக்கும் ஒரு பக்கம்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தாள். முதல் பகுதியில் வந்த எண்ணம். இரண்டாம் பகுதியில் அதற்கு ஆதாரம் உண்டா, எதிர் ஆதாரம் உண்டா. மூன்றாம் பகுதியில் நியாயமான எண்ணம்.

ஒரு நாள் குழம்பு வைக்க முடியவில்லை. வந்த எண்ணம்: 'நான் இனி எதற்கும் உதவ மாட்டேன்.' ஆதாரம்: இன்று குழம்பு வைக்கவில்லை. எதிர் ஆதாரம்: காலையில் 4 கிலோ மாவு அரைத்தேன். மகளுக்கு ஜடை பின்னினேன். நேற்றுக் குழம்பு வைத்தேன். நியாயமான எண்ணம்: 'இன்று குழம்பு முடியவில்லை. தயிர் இருக்கிறது.'

கவனியுங்கள். 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று அவள் எழுதவில்லை. நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்வது பயிற்சி ஆகாது. ஒரு நாள் நடந்ததை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டாமல் இருப்பதுதான் பயிற்சி.

சில எண்ணங்கள் சட்டம் போல மனதில் உட்கார்ந்திருக்கும். செல்வியின் மனதில் இருந்த சட்டம் இது: 'நல்ல மருமகள் மாமியார் எதிரில் உட்கார்ந்து வேலை செய்ய மாட்டாள்.' யார் போட்ட சட்டம்? மாமியார் போட்டதா? செல்விக்கே தெரியவில்லை. ஆலோசகர் ஒரு சோதனை சொன்னார். "ஒரு வாரம் முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குங்கள். என்ன ஆகும் என்று முதலில் எழுதுங்கள். என்ன ஆனது என்று பிறகு எழுதுங்கள்."

செல்வி எழுதினாள்: 'அத்தை கத்துவார்கள். மாவ்ஷியிடம் சொல்வார்கள்.'

முதல் நாள் மாமியார் முக்காலியைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "கடையில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். நான்காம் நாள் செல்வி குளித்துவிட்டு வந்தாள். முக்காலியில் மாமியார் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி. "இன்னொரு முக்காலி வாங்கச் சொல்லுடி உன் புருஷனை" என்றார்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. கத்தும் மாமியாரும் உண்டு, கத்தும் கணவரும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் ஆலோசகரிடம் வீட்டாரையும் ஒருமுறை அழைத்துப் போகலாம். நோயாளி சொல்லிக் கேட்காதவர்கள் ஆஸ்பத்திரி ஆள் சொன்னால் கேட்பது உண்டு. இது நியாயம் இல்லைதான், ஆனால் நடக்கிறது.

களைப்பா, புதிய தாக்குதலா?

நான்காம் மாதம் ஒரு நாள் செல்விக்கு வலது கை மரத்தது. டம்ளர் நழுவியது. அவள் அன்றும் நோட்டில் எழுதினாள். மறுநாளும் கை அப்படியே இருந்தது. காய்ச்சல் இல்லை. உடனே நரம்பு டாக்டரிடம் போனாள்.

அது சரியான செயல். புதிய தொல்லை ஒன்று ஒரு நாள் முழுவதற்கும் மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். கண் மங்குவது, கை கால் மரப்பது, நடை தடுமாறுவது, சிறுநீர் அடைபடுவது இவற்றைக் களைப்பு என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். அந்த நாட்களில் 'கெட்ட நாளிலும் அதே அளவு' என்ற கணக்கு கிடையாது. செல்விக்கு மூன்று நாள் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் மாவு அரைக்கவில்லை. பிறகு 2 கிலோவில் தொடங்கினாள். நடையும் மறுபடி 5 நிமிடத்திலிருந்து.

களைப்பு போய்விட்டதா? போகவில்லை. இப்போது அவள் நோட்டில் 4 இருக்கிறது, 5 இருக்கிறது, 6 இருக்கிறது. 9 எப்போதாவது வருகிறது. ஞாயிறு மாலை மகளோடு கட்கி பஜார் வரை போகிறாள். திரும்பும்போது ஆட்டோ.

எங்கே உதவி கிடைக்கும்?

இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-ல் தொடங்கியது. மும்பை, புனே, சென்னை முதலிய நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. இந்த நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழில் இருக்க வேண்டும்.

மனம் மிகவும் சோர்ந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். காசு இல்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற சேவை இது. தமிழிலும் பேசலாம், மராத்தியிலும் பேசலாம்.

எழுதிப் பாருங்கள்

1. செல்வி முன்பு அரைத்த மாவு: புதன் 4 கிலோ, வியாழன் 4 கிலோ, வெள்ளி 4 கிலோ, சனி 20 கிலோ. மற்ற நாள் இல்லை. வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு?

2. பயிற்சி தொடங்கிய முதல் மாதம் அரைத்தது: நாளுக்கு 4 கிலோ, 6 நாள். மொத்தம் எவ்வளவு? இப்போது அரைப்பது: நாளுக்கு 5 கிலோ, 6 நாள். மொத்தம் எவ்வளவு? பழைய கணக்குக்கும் இப்போதைய கணக்குக்கும் எத்தனை கிலோ வித்தியாசம்?

3. உங்கள் வீட்டில் யாருக்காவது தீராத களைப்பு இருக்கிறதா? அவர் என்றைக்கு அதிகம் வேலை செய்கிறார்? மறுநாள் எப்படி இருக்கிறார்? ஏழு நாள், ஏழு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் எண் மட்டும் போடுங்கள்.